மாயக்கதைக்குள் எழுத்தாளரின் அரசியலைப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

நடப்பு வாழ்க்கையைக் கதையாக எழுதுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. அவர் காட்டும் சமூகம் ஏற்கெனவே இருக்கிறது. அரசாங்கம், பணம், வேலை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். ஃபேன்டஸி, அதாவது மாயக்கதை எழுதுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. நாட்டை யார் ஆள்வது, சிம்மாசனம் யாருக்குப் போய்ச் சேர்வது, விருந்துக்கு வந்த ரொட்டியை யார் சுட்டது, எதிரிப் படையில் நிற்பவன் எந்த நிறம் என்று ஒவ்வொன்றையும் அவரேதான் முடிவுசெய்ய வேண்டும். அப்படி முடிவுசெய்யும்போது, உலகம் எப்படி இருந்தால் நல்லது என்று அவர் மனதில் நம்புவதெல்லாம் கூடவே வந்துவிடும். சில எழுத்தாளர்கள் தெரிந்தே வைக்கிறார்கள். பல நேரம் அவர்களுக்கே தெரியாமல் வருகிறது. இரண்டாவது வகைதான் குழந்தையிடம் ஆழமாகப் போய்ச் சேர்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பாத்திரங்கள் பேசும் கொள்கையைக் குழந்தை தாண்டிப் படித்துவிடும். கதை கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டதை அப்படித் தாண்ட முடியாது.

பிள்ளைகளுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், வகுப்பில் கதை பேசும் ஆசிரியர், நூல் விமர்சனம் எழுதுகிறவர், சொந்தமாக மாயக்கதை எழுத முயல்கிறவர் என யாரும் பயன்படுத்தக்கூடிய ஒரு முறையைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலக் குழந்தை இலக்கியத்திலிருந்து வருகின்றன. அந்த எழுத்தாளர்களின் கட்டுரைகளும் கடிதங்களும் நிறையவே அச்சில் கிடைப்பதால், கதையையும் கொள்கையையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்க முடிகிறது.

படி 1: எழுத்தாளரைத் தேடாமல் கதையை முழுதாகப் படியுங்கள்

வாழ்க்கை வரலாற்றை முதலில் படித்துவிட்டுக் கதைக்குள் போனால், தேடிப் போனதுதான் கிடைக்கும். இதற்கு நல்ல உதாரணம் எல். ஃபிராங்க் பாம் 1900-இல் எழுதிய ஓஸ் மந்திரவாதியின் கதை. 1964-இல் ஹென்றி லிட்டில்ஃபீல்ட் என்ற பள்ளி ஆசிரியர் அந்தக் கதையை 1890களின் அமெரிக்க விவசாயிகள் இயக்கத்தின் உருவகமாக விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். மஞ்சள் செங்கல் பாதை தங்க நாணய முறையாம். டோரத்தியின் வெள்ளிக் காலணிகள், வெள்ளி நாணயத்தையும் புழக்கத்தில் விட வேண்டும் என்ற கோரிக்கையாம். வைக்கோல் பொம்மை விவசாயி, தகர மனிதன் ஆலைத் தொழிலாளி. (1939-இல் வந்த திரைப்படத்தில்தான் காலணி சிவப்புக் கல் பதித்ததாக மாறியது, நூலில் வெள்ளிதான்.) படிக்கும்போது எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் பாம் அந்த இயக்கத்தின் ஆதரவாளர் என்று சொல்ல அடிப்படை இல்லை என்பதைப் பிற்பாடு லிட்டில்ஃபீல்டே ஒப்புக்கொண்டார்.

இது இதற்கு, அது அதற்கு என்று ஒன்றுக்கொன்று கோடு போட்டு இணைக்கும் வாசிப்பு எந்தக் கதைக்கும் பொருந்திவிடும் என்பதுதான் அதன் கோளாறு. அதை விட்டுவிட்டுக் கதையுலகத்தின் அமைப்பைப் பாருங்கள். அதே பாம் 1910-இல் எழுதிய ஓஸ் நூலில், அந்த நாட்டில் பணம் என்பதே கிடையாது. ஒருவருக்குத் தேவையானதை இன்னொருவர் தருகிறார், உடைமைகள் எல்லாம் ஆட்சியாளரின் பெயரில் இருக்கின்றன என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். காலணிக்கு அர்த்தம் தேடுவதைவிட இது நூறு மடங்கு பேசுகிறது.

முதல் வாசிப்பில் பக்க எண்ணோடு சின்னச் சின்னக் குறிப்புகள் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு வேண்டாம்.

படி 2: அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்

ஆள்கிறவருக்கு அந்த உரிமை எப்படி வந்தது? பிறப்பாலா, தீர்க்கதரிசனத்தாலா, தேர்தலாலா, திறமையாலா? அந்த வழியைக் கதை நல்லது என்கிறதா?

டோல்கீனின் 'ஹாபிட்' (1937) நூலில் ஏரி நகரம் ஒன்று வருகிறது. அங்கே தலைவரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். டிராகன் நகரத்தை எரிக்கும்போது அந்தத் தலைவர் தப்பி ஓடப் பார்க்கிறார். டிராகனை அம்பால் வீழ்த்தும் பார்ட், பக்கத்து நகரத்தின் பழைய மன்னர் வழியில் வந்தவன். உடனே கூட்டம் அவனையே அரசனாக்கச் சொல்லிக் கூச்சல் போடுகிறது; கிழவர்களும் காசு எண்ணுகிறவர்களும் ஆண்டது போதும் என்கிறது. கடைசியில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் நகரத்தைக் கட்டக் கொடுத்த தங்கத்தோடு ஓடிப்போய், வனாந்தரத்தில் பட்டினியால் சாகிறார். பிறப்பால் வந்தவன் கௌரவமானவன், தேர்தலில் வந்தவன் வியாபாரி என்பதே சில பக்கங்களுக்குள் கதை காட்டும் சித்திரம். ஆனால் இங்கேயே நின்றுவிடாதீர்கள். கதை முடிவில் ஏரி நகரத்துக்குப் புதுத் தலைவர் ஒருவர் வருகிறார். அவர் காலத்தில் நகரம் செழிக்கிறது. பார்ட் ஆள்வது, தான் மீட்டுக் கட்டிய முன்னோர் நகரத்தை. இரண்டையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேரெதிரில் நிற்கிறார் ஃபிலிப் புல்மன். 1995-இலிருந்து 2000 வரை வெளிவந்த அவருடைய மூன்று நூல்களில், வானத்தில் அமர்ந்து ஆள்வதாகச் சொல்லப்படும் அதிகாரமே வயதாகித் தளர்ந்த ஓர் உயிர்தான். கடைசியில் பிள்ளைகள் கற்றுக்கொள்வது, சொர்க்கத்துக்கும் ஒரு குடியரசு வேண்டும், அதை அவரவர் இருக்கும் இடத்திலேயே கட்ட வேண்டும் என்பது. இவர் தெரிந்தே வைத்தவர். 1998-இல் சி. எஸ். லூயிஸின் நார்னியா கதைகளைக் கடுமையாகக் கண்டித்து நாளிதழில் கட்டுரையும் எழுதினார்.

படி 3: வேலையை யார் செய்கிறார்கள்?

என் அனுபவத்தில் இந்தக் கேள்விதான் அதிகம் தருகிறது, ஆனால் இதைக் கேட்பவர்கள் குறைவு. மாயக்கதைகளில் விருந்துகள் நிறைய வரும். சமைத்தவர், பாத்திரம் கழுவியவர், சுரங்கத்தில் வெட்டியவர் கண்ணில் படுகிறார்களா? பட்டால், பேசுகிறார்களா?

ஹாரி பாட்டர் வரிசை இதற்குப் பொருத்தம். அதை எழுதிய ரௌலிங் இளம் வயதில் லண்டனில் மனித உரிமை அமைப்பான அம்னஸ்டி இன்டர்நேஷனலில் வேலை பார்த்தவர். அது தன்னை ஆழமாகப் பாதித்தது என்று மேடையிலேயே சொன்னவர். இரண்டாம் நூலில், மந்திரவாதிகளின் வீடுகளில் அடிமையாக உழைக்கும் குட்டி உயிரான வீட்டு எல்ஃப் டாபி விடுதலை பெறுவது வாசகரைக் குதூகலப்படுத்தும் காட்சி. நான்காம் நூலில் பள்ளிச் சமையலறையில் கூலியில்லாமல் எல்ஃப்கள் உழைப்பதைக் கண்டு ஹாரியின் தோழி ஹெர்மயனி ஓர் இயக்கம் தொடங்குகிறாள். கதை அதைப் பெரும்பாலும் வேடிக்கையாகவே நடத்துகிறது. எல்ஃப்களுக்கே விடுதலையில் விருப்பமில்லை என்றும் காட்டுகிறது. ஏழாம் நூலில் (2007) போர் முடிந்ததும், பிற்சேர்க்கைக்கு முந்தைய பக்கத்தில், களைத்துப்போன ஹாரி தன்னுடைய எல்ஃப் ஒரு சாண்ட்விச் கொண்டுவந்து தருமா என்று யோசிக்கிறான். கொடுங்கோலன் வீழ்ந்துவிட்டான், வீட்டு வேலை ஏற்பாடு அப்படியே இருக்கிறது. அதிகாரத்தை மோசமானவர்கள் பிடித்துவிடக் கூடாது என்ற கவலை அந்த வரிசை முழுக்க ஓடுகிறது. அடித்தள ஏற்பாட்டை மாற்ற வேண்டும் என்ற அவசரம் அந்த அளவுக்கு இல்லை. எழுத்தாளர் அடிமை முறையை ஆதரிக்கிறார் என்று இதிலிருந்து யாரும் சொல்ல முடியாது. அவர் கதை எதைப் பிரச்சினையாகப் பார்க்கிறது, எதைப் பின்னணியாக விடுகிறது என்று சொல்லலாம்.

ஜான்னி ரோடாரி இத்தாலியக் கம்யூனிஸ்ட்; 1951-இல் அவர் எழுதிய சிப்பொல்லினோ கதையில் பாத்திரங்கள் எல்லாம் காய்கறியும் பழமும். ஏழைக் கிழவர் ஒருவர் ஆயுள் முழுக்கச் செங்கல் செங்கலாகச் சேர்த்துத் தன் உடம்பு நுழையும் அளவுக்கு ஒரு குட்டி வீடு கட்டுகிறார். தக்காளிப் பிரபு வந்து, நிலம் சீமாட்டிகளுடையது என்று காலி செய்யச் சொல்கிறார். உழைப்புக்கும் சொத்துரிமைக்கும் உள்ள சண்டையை ஏழு வயதுக் குழந்தைக்கு இதைவிடத் தெளிவாகச் சொன்ன இடம் எனக்குத் தெரியவில்லை.

படி 4: எதைக் கிண்டல் செய்கிறார் என்று பாருங்கள்

எழுத்தாளர் கவனமாக இருக்கும் இடம் பெரிய வசனங்கள். நகைச்சுவையில் கவனம் தளர்ந்துவிடும். அவருக்கு உண்மையிலேயே எரிச்சல் தருவது எது என்று அங்கே தெரியும்.

சி. எஸ். லூயிஸ் 1952-இல் எழுதிய நார்னியா நூலின் தொடக்கத்தில் யூஸ்டஸ் என்ற சிறுவனின் பெற்றோரை அறிமுகப்படுத்துகிறார். அவர்கள் முற்போக்கானவர்கள், சைவம், புகை, மது கிடையாது, மகன் அவர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். இதெல்லாம் குற்றப்பட்டியல் மாதிரி அடுக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு வந்த நூலில், தண்டனையே இல்லாத 'சோதனைப் பள்ளி' ஒன்று வருகிறது. அதன் தலைமையாசிரியை வேலைக்கு லாயக்கில்லை என்று தெரிந்ததும் ஆய்வாளராக்கப்படுகிறார். அங்கேயும் சரிவராமல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பப்பட்டுச் சந்தோஷமாக வாழ்கிறார். அந்தக் காலத்து நவீன கல்வி, நவீனக் குடும்பம், நிபுணர் ஆட்சி ஆகியவற்றின் மேல் லூயிஸுக்கு இருந்த அவநம்பிக்கை இந்த நையாண்டிகளில் அப்பட்டமாக இருக்கிறது.

படி 5: எதிரியின் முகம்

எதிரிக்குத் தாய் உண்டா, நகைச்சுவை உண்டா, மனம் மாற வாய்ப்பு உண்டா? தோலின் நிறம், உடை, உணவு ஆகியவை தீமையின் அடையாளமாக வருகின்றனவா? நார்னியாவின் தெற்கே உள்ள கலோர்மென் மக்கள் கருநிறம், தலைப்பாகை, வளைந்த வாள் என்று வருணிக்கப்படுவதும், அந்நாடு அடிமைகள் நிறைந்த கொடுங்கோன்மையாக இருப்பதும் தற்செயல் இல்லை. கீழை நாடுகளைப் பற்றி ஐரோப்பாவில் புழங்கிய பழைய சித்திரம் அப்படியே வந்திருக்கிறது. அதே சமயம் 1954, 1956 நூல்களில் அராவிஸ், எமெத் என்ற இரண்டு கலோர்மென் பாத்திரங்கள் மிகுந்த மரியாதையோடு படைக்கப்பட்டிருக்கிறார்கள். தனி மனிதரிடம் நியாயமாக நடந்துகொள்ளும் எழுத்தாளர், கூட்டமாகப் பார்க்கும்போது வேறு மாதிரி எழுதுவது அடிக்கடி நடக்கிறது.

உர்சுலா லெ குவின் இதைத் தெரிந்தே திருப்பிப் போட்டார். 1968-இல் வந்த எர்த்ஸீ கதையின் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். படையெடுத்து வருகிறவர்கள் வெள்ளை நிறத்தவர்கள். அதைப் பற்றி அவர் அங்கே பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. கதை போகிற போக்கில் வருகிறது.

படி 6: ஒரே ஒரு காட்சியை எடுத்து, வரி வரியாகப் படியுங்கள்

முழு நூலைப் பற்றிப் பொதுவாகப் பேசுவது சுலபம். ஒரு காட்சியோடு உட்கார்ந்தால்தான் சிக்கல் புரியும். நான் எப்போதும் பரிந்துரைப்பது ஈ. நெஸ்பிட் எழுதிய 'தாயத்தின் கதை' (1906) நூலில் பாபிலோன் ராணி லண்டனுக்கு வரும் அத்தியாயம்.

நெஸ்பிட், 1884-இல் தொடங்கிய ஃபேபியன் சங்கத்தின் நிறுவன உறுப்பினர்களில் ஒருவர். புரட்சி இல்லாமல் படிப்படியாகச் சோஷலிசம் கொண்டுவர விரும்பிய சங்கம் அது. தன் மகனுக்கே ஃபேபியன் என்று பெயர் வைத்தார். கதையில், மந்திரத்தின் வழியே வந்துவிட்ட ராணி குழந்தைகளோடு குதிரை வண்டியில் கிழக்கு லண்டன் வழியாகப் போகிறாள். தெருவில் இருக்கிறவர்களைப் பார்த்து, உங்கள் அடிமைகளை ஏன் இவ்வளவு மோசமாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறாள். அவர்கள் அடிமைகள் இல்லை, தொழிலாளர்கள் என்கிறார்கள் குழந்தைகள். அடிமையின் முகம் எனக்குத் தெரியாதா என்கிறாள் ராணி. கவனமாக இல்லாவிட்டால் கலகம் செய்வார்கள் என்றும் எச்சரிக்கிறாள். செய்ய மாட்டார்கள், அவர்களுக்கு ஓட்டு இருக்கிறது என்கிறான் ஒரு பையன். ஓட்டு என்றால் என்ன, மந்திரத் தாயத்தா என்று அவள் கேட்க, தெரியவில்லை, அதை வைத்து அவர்கள் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை என்று பதில் வருகிறது. அப்படியானால் விளையாட்டுப் பொருள் என்று முடிவுகட்டிய ராணி, இவர்கள் எல்லாருக்கும் பிடித்த சாப்பாடு இப்போதே கையில் வரட்டும் என்று வரம் கேட்கிறாள். வந்துவிடுகிறது.

எத்தனை அடுக்கு பாருங்கள். கூலி முறையைப் பற்றிய கூர்மையான விமர்சனத்தை, அடிமைகளை வைத்திருக்கும் ஒரு ராணியின் வாயில் வைக்கிறார். குழந்தைகள் தங்கள் வீட்டில் கேட்டதைத் திருப்பிச் சொல்கிறார்கள், சொல்லும்போதே அது பொருளிழக்கிறது. ஓட்டுரிமை மட்டும் வயிற்றை நிரப்பாது என்ற வாதம், ஒரு கட்டுரை வாக்கியம்கூட இல்லாமல் நடந்து முடிகிறது.

அதே அத்தியாயத்தைத் தொடர்ந்து படியுங்கள். கதை பங்குச் சந்தைப் பகுதிக்குப் போகிறது. அங்கே வரும் தரகர்களுக்கு யூதப் பெயர்கள். யூதர்களைக் கேலி செய்யும் அந்தக் காலத்துச் சித்திரம் அப்படியே இருக்கிறது. ஏழைகளுக்காக உருகிய அதே கை, சில பக்கங்கள் தள்ளி ஓர் இனத்தையே பணத்தாசையின் முகமாக வரைகிறது. முதல் பகுதி எழுத்தாளர் தேர்ந்தெடுத்த நம்பிக்கை. இரண்டாவது, அவர் வாழ்ந்த காலம் அவருக்குள் வைத்துவிட்டுப் போனது. ஓர் எழுத்தாளரின் அரசியல் என்று பேசும்போது இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். முதலாவதை மட்டும் சொல்வது புகழ்ச்சி. இரண்டாவதை மட்டும் சொல்வது வசை.

படி 7: முடிவில் என்ன மாறியது?

தொடக்கத்தில் இருந்த சமூகத்தையும் கடைசியில் இருக்கும் சமூகத்தையும் ஒரு தாளில் எதிரெதிரே எழுதுங்கள். பழைய ஒழுங்கு மீட்கப்பட்டதா, புதிய ஒழுங்கு பிறந்ததா? பல கதைகளில் தீயவன் ஒருவன் போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

லெ குவின் இதில் அபூர்வமான ஒன்றைச் செய்தார். முதல் எர்த்ஸீ நூலில், பெண்களின் மந்திரம் பலவீனமானது, தீயது என்ற அர்த்தத்தில் பழமொழிகள் வருகின்றன. கதை அவற்றை மறுப்பதில்லை. மந்திரப் பள்ளி முழுக்க ஆண்கள். 1990-இல் அவர் அதே உலகத்துக்குத் திரும்பி வந்து நான்காம் நூலை எழுதினார். அதில் கெட் மந்திர சக்தியை இழந்தவன். கதையின் மையம் நடுவயதுப் பெண்ணான தெனாரும், எரித்துச் சிதைக்கப்பட்ட ஒரு சிறுமியும். முந்தைய நூல்களில் ஒரு வரியையும் திருத்தாமல், அவை பார்க்காமல் விட்ட பக்கத்தை எழுதிக் காட்டினார். நம்பிக்கை மாறும்போது கற்பனை உலகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் இந்த நான்கையும் வரிசையாகப் படிக்க வேண்டும்.

படி 8: இப்போது எழுத்தாளரிடம் போங்கள்

கடிதம், கட்டுரை, பேச்சு எல்லாவற்றையும் இப்போது படிக்கலாம். உங்கள் குறிப்புகள் தப்பாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடு படியுங்கள்.

நார்னியாவில் அரசர்களும் சிம்மாசனங்களும்தான் எங்கும். மேலே சொன்ன 1952 நூலிலேயே தனித்தீவுகளின் ஆளுநர் கம்பஸ் வருகிறார். காகிதக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அடிமை வியாபாரம் பொருளாதாரத்துக்குத் தேவை, வளர்ச்சி என்று புள்ளிவிவரம் பேசுகிறார். இளம் அரசன் காஸ்பியன் அவர் மேசையைக் கவிழ்க்கச் செய்து, அடிமை முறையை அன்றே ஒழிக்கிறான். விடுதலை தருவது அரசனின் வாள். அடிமைகள் தாங்களாக எதுவும் செய்வதில்லை. இதைப் படித்துவிட்டு, லூயிஸ் மன்னராட்சிக்காரர், மக்களாட்சியை வெறுத்தவர் என்று எழுதத் தோன்றும்.

1943-இல் சமத்துவம் பற்றி லூயிஸ் எழுதிய கட்டுரை இருக்கிறது. அதில் தன்னை மக்களாட்சிக்காரர் என்றே சொல்கிறார். காரணம் மட்டும் வித்தியாசமானது: எல்லாரும் ஆளத் தகுதியானவர்கள் என்பதால் அல்ல, கிறிஸ்தவம் சொல்வதுபோல் மனிதர்கள் பாவத்தில் வீழ்ந்தவர்கள், யாரையும் நம்பி முழு அதிகாரத்தைக் கொடுக்க முடியாது என்பதால். அடிமைத்தனத்தையும் அதே காரணத்துக்காக மறுக்கிறார்: எஜமானாக இருக்கத் தகுதியுள்ள மனிதன் ஒருவனும் இல்லை. சமத்துவம் அவருக்கு மருந்து, உணவு இல்லை. மரியாதை செலுத்த அரசன் இல்லாவிட்டால், மக்கள் கோடீஸ்வரர்களையும் சினிமா நட்சத்திரங்களையும் கும்பிடுவார்கள் என்றும் எழுதுகிறார்.

இதற்கப்புறம் நார்னியா வேறு மாதிரி தெரிகிறது. நோய் இல்லாத உலகத்தைக் கற்பனை செய்யும்போது அவர் மருந்தை வெளியே வைத்துவிட்டார். 1955 நூலில் நார்னியாவின் முதல் அரசனாக ஆக்கப்படுவது லண்டனில் குதிரை வண்டி ஓட்டிய ஒரு சாதாரண மனிதர் என்பதும், மண்வெட்டி பிடிக்கத் தெரியுமா என்று அவரிடம் கேட்கப்படுவதும் இப்போது பொருள் பெறுகின்றன. கட்சி அரசியலிலிருந்து லூயிஸ் தள்ளியே நின்றார். 1951-இல் சர்ச்சில் அரசு அளிக்க முன்வந்த பட்டத்தை, தன் சமய எழுத்து அரசியல் பிரசாரமாகப் பார்க்கப்படும் என்று சொல்லி மறுத்துவிட்டார்.

டோல்கீனும் 1943-இல் மகனுக்கு எழுதிய கடிதத்தில், தன் அரசியல் மேலும் மேலும் அரசின் கட்டுப்பாடே இல்லாத நிலைக்கோ, இல்லை அரசியலமைப்பில்லாத மன்னராட்சிக்கோ சாய்வதாக எழுதினார். அவருடைய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் ஹாபிட்கள் என்ற குள்ள மனிதர்கள் வாழும் நாட்டில் அரசாங்கம் என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய இல்லாததையும், அதே கதையில் தொலைந்த அரசன் திரும்புவதையும் இந்த ஒரு வாக்கியம் சேர்த்து விளக்குகிறது.

சில நேரம் தேடல் கசப்பில் முடியும். ஓஸ் நாட்டில் பணத்தை ஒழித்த, பெண் ஆட்சியாளரை அரியணையில் அமர்த்திய பாம், 1890, 91 ஆண்டுகளில் தான் நடத்திய செய்தித்தாளில் அமெரிக்கப் பழங்குடிகளை முற்றாக அழிக்கச் சொல்லித் தலையங்கம் எழுதியவர். கதைகள் நன்றாக இருக்கின்றன என்பதற்காக அதை மறைக்கக் கூடாது. அதை வைத்துக் கதையில் இல்லாததை இருப்பதாகவும் சொல்லக் கூடாது.

படி 9: எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

இது சின்ன வேலை, ஆனால் தவறினால் வாதமே விழுந்துவிடும். ரோல்ட் டாலின் சாக்லேட் தொழிற்சாலைக் கதை 1964-இல் வந்தபோது, அங்கே கொக்கோ விதைக் கூலிக்கு உழைத்த ஊம்பா லூம்பாக்கள் ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட குள்ளர்கள். கடும் எதிர்ப்புக்குப் பிறகு 1973 பதிப்பில் அவர்கள் கற்பனை நாடொன்றின் வெளுத்த மனிதர்களாக மாற்றப்பட்டார்கள். தோலின் நிறம் மாறியது. ஊரோடு பெட்டியில் ஏற்றி வரப்பட்டு, தொழிற்சாலைக்குள்ளேயே வாழ்ந்து, புது மிட்டாய்களைத் தின்று சோதிக்கும் ஏற்பாடு மாறவில்லை. எது திருத்தப்பட்டது, எது யாருக்கும் உறுத்தவில்லை என்பதும் உங்கள் ஆய்வுக்குள் வரும்.

படி 10: சொல்லும் விதம்

விமர்சனம் எழுதுகிறீர்கள் என்றால், "இவர் பழமைவாதி", "இவர் இடதுசாரி" என்று தொடங்காதீர்கள். காட்சியைச் சொல்லுங்கள், அதில் கதை யார் பக்கம் நிற்கிறது என்று காட்டுங்கள், அதற்கு எதிரான ஒரு காட்சியாவது அதே நூலில் இருந்தால் அதையும் வையுங்கள்.

குழந்தையோடு பேசும்போது அரசியல் என்ற சொல்லே தேவைப்படாது. கதை முடிந்த கையோடு பேசாமல், மறுநாள் பேசுங்கள். முதல் நாள் அது அவர்களுடைய கதை. பத்து வயதுப் பிள்ளையிடம் ஏரி நகரத்தைப் பற்றி, "நீ அந்த ஊர்ல இருந்தா யாரைத் தலைவரா வெச்சுப்பே?" என்று கேட்கலாம். பார்ட் என்று பதில் வந்தால், "சரி, பார்ட் ரொம்ப நல்லவன். அவன் பையன் அப்படி இல்லேன்னா என்ன செய்வீங்க?" என்று இன்னொரு கேள்வி. அதற்கு மேல் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், பதிலைக் கேளுங்கள்.